அந்தச் செவ்வாய்க்கிழமைக் காற்று

பரமேஸ்வரி அக்கா போய்விட்டார். இன்று காலை ஆஸ்பத்திரியில்... இப்போதுதான் அவர் மகள் மெசேஜ் அனுப்பினாள்.

ஓசோனை அரிக்கும் கேஸ் உலகத்தில் குறைகிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை காற்றைப் பிடித்து வெளிநாட்டு லேப்புக்கு அனுப்புவது எங்கள் ஆபீஸ் வேலை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் அதைச் செய்தவர் அக்காதான். நான் பக்கத்து மேசை.

செவ்வாய்க்கிழமை காலையில் இரும்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார். கடல் பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வால்வைத் திறப்பார். தன் மூச்சுகூடக் கலந்துவிடக் கூடாதாம். நான் கிண்டல் பண்ணினால் வால்வை மூடிய பிறகுதான் சிரிப்பார்.

சுவரில் அவருடைய கிராஃப். கோடு வருடா வருடம் இறங்கிக்கொண்டே வரும். மகளின் ரிப்போர்ட் கார்டு மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஒரு செவ்வாய் அவருக்கு லீவு. வேலையை என்னிடம் விட்டுப் போனார். நல்ல மழை, லிஃப்ட் வேறு ரிப்பேர்... கீழே கார் நிறுத்தும் இடத்திலேயே குடுவையை நிரப்பினேன்.

பக்கத்தில் ஒருவர் ஆபீஸ் அறையைக் குளிராக்கும் பழைய ஏர்கோனைக் கழற்றி, அதிலிருந்த அதே ஓசோன் அரிக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். ஸ்ஸ்ஸ் என்று சத்தம் கேட்டது. கேட்டும் நான் நகரவில்லை. ஃபார்மில் "மொட்டை மாடி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ரிசல்ட் வந்தது. கோட்டுக்கு மேலே எங்கேயோ ஒரு புள்ளி.

"மாடியிலதானே புடிச்ச தம்பி?"

"ஆமாக்கா."

ஒரே தடவைதான் கேட்டார். நம்பிவிட்டார்.

நம் ஊரில் யாரோ கேஸைத் திறந்துவிடுகிறார்கள் என்று, சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஏர்கோன் கடை கடையாக ஏறி இறங்கினார். சுங்கை பினாங்கில் அவர் பக்கத்து வீட்டுக்காரரே கடை வைத்திருந்தார்.

"எங்க பொழப்புல மண்ணப் போட வந்துட்டீங்களா?" என்று அந்த மனிதர் எல்லார் முன்னாலும் கேட்டார். அக்கா மன்னிப்புக் கேட்டார். நான் பின்னால்தான் நின்றேன்... ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

அதன் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

புள்ளிக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலால் எழுதிவைத்தார்: "காரணம் தெரியவில்லை." அவர் ரிட்டையர் ஆகியும் அது சுவரில் அப்படியே இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் டீ போடப் போகிறேன். சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ச்சே... என்ன மனுஷன் நான்.

நாளை மதியம் எடுக்கிறார்களாம். அந்தக் கடைக்காரரும் வருவார், அவரிடமும் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஆபீஸுக்குப் போய், அந்தப் பென்சில் எழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டு வருகிறேன்.

நான் மாடிக்குப் போகலக்கா.

போய்ட்டு வாங்க.