ஐஸ்கிரீம் கிடங்கில் வைத்த புத்தகங்கள்

கோவில்பட்டிப் பக்கமிருந்து நான் படப்பைக்கு வந்ததே செல்போன் கம்பெனி வேலைக்காகத்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கெமிஸ்ட்ரியில் டிகிரி வாங்கிய கையோடு, எங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேருடன் பஸ் ஏறிவிட்டேன். கம்பெனியில் ஒரு கைத்திறன் டெஸ்ட் வைத்தார்கள். தட்டில் கிடக்கும் பொடிப்பொடிச் சாமான்களை எடுத்து ஒரு பலகையில் பொருத்த வேண்டும். கூட வந்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். என்னை மட்டும் சூப்பர்வைசர் நிறுத்தி, "கை ரொம்ப நிதானமா போவுதும்மா, லைனுக்கு ஒத்து வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊருக்குத் திரும்பிப் போக மனசில்லை. ஒரகடம் போகும் ரோட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ண ஆள் எடுக்கிறார்கள் என்று நான் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலில் யாரோ சொல்ல, போய்ப் பார்த்தேன். நூலகர் ஒரு மேடம், நாற்பது வயதைத் தாண்டியவர். என்னிடம் உதிரும் நிலையில் இருந்த ஒரு பஞ்சாங்கத்தைக் கொடுத்து, "ஒரு பக்கம் திருப்பிக் காட்டு" என்றார். திருப்பினேன். "இன்னொரு பக்கம்." அதையும் திருப்பினேன். "திங்கக்கிழமை வந்துடு" என்றார். இண்டர்வியூ அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த புத்தகங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது. மாட்டு வைத்தியம், குழந்தை வைத்தியம், சந்தையில் காலணாவுக்கு விற்ற சிந்துப் பாட்டுப் புத்தகங்கள், கையெழுத்தில் இருந்த நாடகங்கள், கிராமத்து நிலங்களைப் பற்றிய பத்திரங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடிக்கு அடியில் விரித்துவைத்துப் படம் எடுப்பேன். கம்ப்யூட்டரில் சரிபார்த்து சி.டி.யில் ஏற்றுவேன். சி.டி.க்கள் மேல்மாடியில் மேடம் அறை அலமாரிக்குப் போகும். கரண்ட் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்தவள் திருநெல்வேலிக்காரி. ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் பேக்கிங் செக்ஷன். ஐஸ்கிரீம் பெட்டிகள் அடுக்குகிற வேலை. கோடை வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவாள். "நான் ஐஸைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுவுதேன், நீ கிழிஞ்ச பேப்பரைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுவுத. நல்ல ஜோடிதாம்ட்டி" என்று சிரிப்பாள். எனக்கும் அப்போது அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. வேறு நல்ல வேலை கிடைக்கும் வரைக்கும் இது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. ஏரிகள் எல்லாம் நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்தன. கால்வாய் போன இடமெல்லாம் காம்பவுண்டுச் சுவரும் பிளாட்டுகளுமாக ஆகியிருந்ததால், தண்ணீர் தனக்குத் தோன்றிய பக்கம் போயிற்று. ஷேர் ஆட்டோ ஓடவில்லை. இரண்டு நாள் ஹாஸ்டலிலேயே அடைந்து கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் படிக்கட்டில் மேடம் நின்றுகொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். மாடியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால், அந்தக் குடும்பத்துப் புத்தகங்களைத் தற்காலிகமாகக் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். அலமாரிகளின் கீழ்த்தட்டுகள் இரண்டும் தண்ணீருக்குள். மேலே மிதந்துகொண்டிருந்தவை என்ன என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"அழறதா இருந்தா மேல போய் அழுதுட்டு வா" என்றார் மேடம். குரலில் கடுமை இல்லை. "கீழ வந்தா வேலை இருக்கு."

நான் அழவில்லை. இறங்கினேன். வாட்ச்மேன், தமிழ்த்துறை மாணவர்கள், கேண்டீன் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினோம். நனைந்த புத்தகம் எவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பையன் ஆர்வத்தில் ஒரு புத்தகத்தை விரிக்கப் போக, மேடம் கத்தினார். "தெறக்காதீங்க! எது எப்படி இருக்கோ அப்படியே வைங்க. தெறந்தா பக்கம் பக்கமா கையோட வந்துடும்."

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் ஒரு வகுப்பறையில் பரப்பிவிட்டோம். ஃபேன் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. வெயில் இல்லை. மேடம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு நாள்தான். அதுக்குள்ள பூஞ்சை வந்துடும். வந்துட்டா எதுவும் பண்ண முடியாது" என்றார்.

"அதுக்கு வழியே இல்லையா மேடம்?"

"இருக்கு. உறைய வெச்சிடணும். ஐஸ்கட்டியா ஆயிட்டா பூஞ்சை வளராது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நிதானமா காய வெக்கலாம். வெளிநாட்டுல அப்படித்தான் பண்றாங்க. டெல்லியில ஒரு பயிற்சிக்குப் போனப்ப சொல்லிக் குடுத்தாங்க. கேட்டுட்டு வந்தேன். அதுக்கு ஒரு ரூம் அளவு ஃப்ரீசர் வேணும். நம்மகிட்ட கேண்டீன்ல பால் வைக்கிற ஃப்ரிட்ஜ்தான் இருக்கு."

அதைக் கேட்டதும் எனக்குத் திருநெல்வேலிக்காரியின் கம்பளிச் சட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் உடனே வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஐஸ்கிரீம் வைக்கிற இடத்தில் நூறு வருஷத்துப் புத்தகங்களை வைக்கலாம் என்று ஒரு நூலகரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் முழுங்கி முழுங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன். மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

"இதை ஏன் இவ்வளவு நேரம் வாய்க்குள்ள வெச்சிருந்த? கெளம்பு."

ரோட்டில் தண்ணீர் வடிந்திருந்த பக்கமாகப் பல்கலைக்கழக ஜீப்பில் போனோம். மழையில் வேலை குறைவு என்பதால் திருநெல்வேலிக்காரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னட்டி, ஈரக் கோழி மாதிரி வந்து நிக்க?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஜெனரேட்டர் ஓடுது, மூணாம் நம்பர் ரூம் சும்மாதான் கெடக்கு. இந்த மழையில யாரு ஐஸ்கிரீம் திங்கப் போறா? வாங்க, மேனேஜர்ட்ட கேப்போம்" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

மேனேஜர் திருப்பெரும்புதூர்க்காரர். சிரிப்பே இல்லாத முகம். மேடம் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா இது? துன்ற பொருள் வெக்கிற எடம். இங்க வந்து வெள்ளத்துல ஊறின பொஸ்தகத்த வெக்கச் சொல்றீங்களே. சேறு, நாத்தம், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா என் வேலை பூடும்" என்றார்.

மேடம் வாதாடவில்லை. பையிலிருந்து பாலித்தீன் உறைக்குள் வைத்திருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அட்டையில் எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு புயலில் செங்கல்பட்டுச் சீமை ஏரிகள் உடைந்ததைப் பாடிய சிந்து. எந்த ஊர் ஏரி, எந்தக் கரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். நான் ஸ்கேன் பண்ண வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

"இது வேற எங்கயாவது இருக்கான்னு நான் எட்டு வருஷமா தேடறேன். இல்ல" என்றார் மேடம். "நாளன்னைக்கு இதுவும் இருக்காது."

மேனேஜர் குனிந்து அட்டையைப் படித்தார். தொடவில்லை. "எங்க ஊரு ஏரியும் வருமா இதுல?"

"வரும்னுதான் நெனைக்கிறேன். காஞ்சாதான் தெரியும்."

அவர் திருநெல்வேலிக்காரியைக் கூப்பிட்டு, மூன்றாம் நம்பர் ரூமைக் கழுவித் தயாராக வைக்கச் சொன்னார். எங்களிடம், "மூணு சுத்து கவர் போடணும். ஒரு சொட்டுத் தண்ணி கீழ வரக்கூடாது. மாசி பொறந்தா எங்களுக்கு சீசன். அதுக்குள்ள காலி பண்ணிக்கினு போயிடணும்" என்றார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் பொதிந்து, பாலித்தீனில் சுற்றி, பிளாஸ்டிக் கிரேட்டுகளில் முதுகு கீழே இருக்கும்படி நிறுத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கிடங்கு ஆட்கள் ஐஸ்கிரீம் பெட்டிகளை அடுக்கும் அதே லாவகத்தோடு அடுக்கினார்கள். கதவு மூடியபோது என் மூச்சு புகையாக வந்தது. எத்தனையோ பேர் எழுதி அச்சடித்துக் கைமாற்றி வைத்திருந்தவை அங்கே கல்லாக இறுகிப் போகும் என்பதை நினைக்கப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பல்கலைக்கழகப் பதிவாளரிடம் யாரும் அனுமதி வாங்கவில்லை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. விஷயம் தெரிந்து அவர் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு யுனிவர்சிட்டி சொத்தை வெளிய கொண்டு போனீங்க?"

"யாரையும் கேக்கல சார்" என்றார் மேடம். "கேட்டிருந்தா நீங்க ஒரு கமிட்டி போட்டிருப்பீங்க. பூஞ்சை கமிட்டிக்காகக் காத்திருக்காது."

நான் ஸ்கேனருக்குப் பின்னால் ஒளியாத குறைதான். பதிவாளர் முகம் சிவந்தது. "நான் பாக்கணும்" என்றார். கூட்டிப் போனோம். கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போய், அடுக்கிவைத்த கிரேட்டுகளைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் நான் பென்சிலால் எழுதியிருந்த தலைப்புகளைக் குனிந்து படித்தார். வெளியே வந்து கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே, "காய வெக்க எடம் வேணுமே, எங்க வெக்கப் போறீங்க?" என்று கேட்டார். தேர்வுக் கூடத்தை அவரே ஒழித்துக் கொடுத்தார்.

மார்கழி கடைசியில் மழை முழுக்க விட்டதும் காயவைக்கும் வேலை தொடங்கியது. வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வருவோம். பனி விட்ட பக்கங்களுக்கு நடுவில் அச்சில்லாத வெற்றுத்தாள் வைப்போம். தாள் ஈரத்தை இழுத்ததும் மாற்றுவோம், மறுபடி மாற்றுவோம். மேலே ஃபேன் சுற்றும். தமிழ்த்துறை மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். லீவு நாளில் திருநெல்வேலிக்காரியும் வந்து உட்கார்ந்தாள். "ஐஸ்கிரீம்னா ஒரு நாளு வித்துப் போவும். இத விட மாட்டேங்கியளே" என்று சொல்லிக்கொண்டே தாள் மாற்றுவாள்.

எல்லாம் பிழைத்ததாகச் சொல்ல மாட்டேன். வழவழப்பான தாளில் அச்சடித்த சில புத்தகங்கள் செங்கல்லாக ஒட்டிக்கொண்டன. கையெழுத்தில் இருந்த ஒரு நாடகம்தான் என்னை மிகவும் உலுக்கியது. கட்டைப் பிரித்தபோது தாள் நன்றாக இருந்தது. எழுத்து மட்டும் இல்லை. மசி கரைந்து பக்கமெல்லாம் இளநீலமாகப் படர்ந்திருந்தது. தீபாவளி லீவுக்கு முன்னால் அதில் பாதி வரைக்கும் ஸ்கேன் பண்ணியிருந்தேன். மாடி அலமாரியில் இருந்த சி.டி.யை மேடம் எடுத்து வந்து கம்ப்யூட்டரில் போட்டார். ராஜா வேஷத்துக்கும் அவன் மனைவி வேஷத்துக்கும் நடந்த வாக்குவாதத்தில் அது நின்றிருந்தது. அவள் பதில் சொல்வதற்கு முன்னால் பக்கம் முடிந்துவிட்டது.

"பாதி இருக்கு" என்றார் மேடம், திரையைப் பார்த்தபடியே. "நீ எடுக்காம இருந்திருந்தா அந்தப் பாதியும் இல்ல."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இந்த வேலையை விட்டுப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. செல்போன் கம்பெனியில் மறுபடி ஆள் எடுத்தபோது கூட வந்த பெண்கள் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மாசி பிறப்பதற்கு முன்பே மூன்றாம் நம்பர் ரூமைக் காலி செய்துவிட்டோம். ஏரி சிந்து முழுசாகக் காய்ந்து வந்தது. ஓரங்களில் மட்டும் கறை. ஸ்கேன் பண்ணிப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றி முடித்த அன்றைக்கு மேடம் மேனேஜருக்குப் போன் போட்டார். அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டூவீலரில் வந்தார். திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினேன். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில், "நிறுத்து, நிறுத்து" என்றார். அவருடைய ஊர் ஏரி வந்திருந்தது. அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

"இது இப்ப எங்க வேணாலும் பாக்கலாமா?"

"நெட் இருந்தா எங்க இருந்து வேணாலும் பாக்கலாம் சார்."

"எங்க பையன் துபாய்ல கீறான். அவனுக்குச் சொல்லணும்" என்று இணையதள விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் எங்கள் பழைய புத்தகப் பிரிவு கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்கு நிரந்தரமாக மாறியது. எனக்கு ஒரு உதவியாளரும் இரண்டாவது ஸ்கேனரும் கிடைத்தன. மழை நேரத்தில் நாங்கள் செய்தது சுற்று வட்டாரத்தில் பரவியிருக்க வேண்டும். கிடங்கு ஆட்கள் சொன்னார்களோ, மாணவர்கள் சொன்னார்களோ, தெரியாது. அப்போது அந்தப் பக்கமெல்லாம் நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. பழைய வீடுகளை இடித்துக் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரணில் கிடந்த காகிதமெல்லாம் எடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடுப்பில் அரிசிச் சாக்கில் கட்டிய ஒரு மூட்டை. மாடிக்குத் தூக்கி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"எங்க மாமனார் பொஸ்தகம்மா. வூட்ட இடிக்கப் போறோம். பேப்பர்க்காரன் வந்து நிக்கிறான். எம் பொண்ணுதான் சொல்லிச்சி, காலேஜ்ல படம் புடிச்சி வெச்சிக்குவாங்கோ, பொஸ்தகத்தத் திருப்பிக் குடுத்துடுவாங்கோன்னு. மெய்தானா?"

"மெய்தாம்மா. குடுத்துடுவோம்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா கீதுன்னு பாத்துச் சொல்றியா?"

மூட்டையை அவிழ்த்தேன். கரையான் அரித்த வாசனை வந்தது. மேலே இருந்ததை எடுத்துத் தூசி தட்டிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். திரையில் முதல் பக்கம் வந்தது. ஆடுமாடுகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய புத்தகம். ஒரு பசுவின் படம் போட்டிருந்தது. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "படி, கேக்கறேன்" என்றார்.