பல் டாக்டருக்குப் பின்னால் நாலு நிமிடம்

அந்த வருடம் பிறந்த கையோடு அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது. டிசம்பர் முப்பத்தொன்றோடு பழைய முறை ஒளிபரப்பு நிற்கும். மொட்டை மாடி ஆன்டெனாக்களுக்கு இனி வேலையில்லை. படம் வேண்டுமென்றால் ஆளுக்கொரு டிஜிட்டல் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து தெருவில் வேறு பேச்சே இல்லை. மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, "சார், நீங்க டி.வி. ஸ்டேஷன் ஆளு. எந்தப் பெட்டி வாங்கலாம், சொல்லுங்க" என்று சலவைக்காரரை வழிமறித்துக் கேட்டார்.

சலவைக்காரருக்கு என்ன தெரியும்? முப்பத்துமூன்று வருடம் டி.வி. நிலையத்தில் குப்பை கொட்டியவர்தான். ஆனால் கொட்டியது எல்லாம் டேப் அறையில். நிகழ்ச்சி பதிவான டேப்பை எண் போட்டு அடுக்குவார். ஒளிபரப்பாகி முடிந்ததும், வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மேலிடம் சொன்னதையெல்லாம் ஒரு காந்த மெஷினில் வைத்து அழிப்பார். அழித்த டேப்பில் அடுத்த நிகழ்ச்சி ஏறும். அந்த வேலைக்கு அங்கே 'வெளுக்கிறது' என்று பெயர். வெளுக்கிறவர் சலவைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியிருந்தவரை அந்த வருடம் திரும்பக் கூப்பிட்டார்கள். பழைய டேப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, டேப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பிவிடப் போகிறார்கள். அதற்கு டேப் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமே! அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவரைத் தவிர யாருக்கும் புரியாது. அசிங்கமான கையெழுத்தால் வேலை திரும்பக் கிடைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

ஏற்றும் வேலைக்குப் பொறுப்பு ஓர் இன்ஜினியர் அம்மாள். நாற்பத்தைந்து வயது, கறார். டேப் ஓட்டும் பழைய மெஷின்களில் ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதன் ஹெட், அதாவது டேப்பை உரசிப் படம் எடுக்கும் பாகம், தேய்ந்துகொண்டே வந்தது. மாற்று ஹெட் எங்கும் கிடைக்காது. வாயைத் திறந்தால் "ஹெட் தேயுது, ஹெட் தேயுது" என்பார். அதனால் அவருக்கு ஹெட்டம்மா என்று பெயர் வைத்தது சலவைக்காரரேதான்.

ஒரு மே மாதக் காலை, ஹெட்டம்மா போன் பேச வெளியே போனவர் வர நேரமாகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது, பாலம் கட்டுவதைப் பற்றிய ஒரு விவரணப் படம். அது முடிந்தும் டேப் ஓடியது. திரை ஒரு குலுக்கு குலுக்கியது. சட்டென்று ஒரு கால்பந்தாட்டத்தின் நடுப்பகுதி வந்து நின்றது.

"என்ன சார் இது? பாலத்துக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்போதுதான் உள்ளே திரும்பி வந்த ஹெட்டம்மா.

"வால், மேடம்" என்றார் சலவைக்காரர். "வெளுக்காம மேலயே பதிவு பண்ணினா இப்படித்தான். புதுசு எதுவரைக்கும் ஓடுதோ அதுவரைக்கும் பழசு போயிடும். மிச்சம் வாலா தொங்கும்."

"நீங்கதான் ஒண்ணு விடாம வெளுப்பீங்களே?"

"ஒரு தடவை வெளுக்கிற மெஷினோட காயில் எரிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் வெளுக்கவே இல்ல…"

பாதியில் நிறுத்தினார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த இரண்டு மாதம் எந்த இரண்டு மாதம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் மனைவி அதே நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். "அடுத்து நீங்கள் காணவிருப்பது" என்று நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்து சொல்லிவிட்டுப் போகும் முகம். வார நாட்களில் எல்லாம் நேரலை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெள்ளிக்கிழமையே அரைமணி நேர டேப் ஒன்றில் மொத்த அறிவிப்பையும் பேசி வைத்துவிடுவாள். ஞாயிறு அது ஒளிபரப்பாகும். திங்கள் காலை சலவைக்காரர், காந்தத்தில் நின்றுவிடுமே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பெண்டாட்டியை அழிப்பார்.

"திங்கட்கிழமையானா என்னை வெளுத்து வாங்கிடுறீங்க" என்று அவளே கேலி பண்ணுவாள். சிரிப்போடு சிரிப்பாக ஒரு நாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். வயிறு தெரியாமலிருக்க மேஜையை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் படம் பிடிப்பார்கள்.

"ஏங்க, ஒரே ஒரு டேப்பை வெளுக்காம வச்சுக்கலாம்ல?"

"எதுக்கு? நீதான் வீட்லயே இருக்கியே. அங்க டேப்புக்கு அடிச்சுக்கறாங்க."

சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு அவருக்கு நினைப்பு. பிள்ளைக்குப் பதினாலு மாதமாகும்போது மஞ்சள் காமாலை வந்து ஒன்பதே நாளில் அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, டேப் அறையின் ஒவ்வொரு தட்டாக இறக்கிப் பார்த்தார். ஒன்று கூட மிச்சமில்லை. தன் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார், பாவி மனிதர்.

வீட்டில் போட்டோக்கள் இருந்தன. ஆனால் போட்டோ வாய் திறக்குமா? மகள் நாலு வயதிலேயே கேட்க ஆரம்பித்தாள், "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று. அவரும் தொண்டையை இறுக்கி, மெல்லிசாக, "நேயர்களே, வணக்கம்" என்று பேசிக் காட்டுவார். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். பத்து வயதில் வேறு மாதிரி கேட்டாள்: "அம்மா டி.வி.ல பேசினது ஒண்ணு கூடவா இல்ல?" அவளை நேராகப் பார்க்க முடியாமல் அவர் சொன்னார்: "அப்பல்லாம் எல்லாமே நேரலைதான்மா. பதிவே பண்ண மாட்டாங்க." அதன் பிறகு அவள் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. பக்கத்து ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. அந்தப் பொய்க்கு வயது இருபத்தொன்று.

சலவைக்காரர் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அவள் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோது காயில் எரிந்த அந்த இரண்டு மாதத்தில் பதிவாகி, 'நிரந்தரம்' என்று முத்திரை குத்திய அரைமணி நேர டேப்புகள் நாற்பத்தொன்று. அவற்றில் எதன் அடியில் வேண்டுமானாலும் அவள் இருக்கலாம். ஆனால் இருபத்தாறு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறி, வாலோடு சேர்த்து வெட்டுப்பட்டு லாரியில் போய்விட்டன. அவரே எண் படித்து, அவரே டிக் அடித்து அனுப்பியவை. பாக்கி பதினைந்து.

ஹெட்டம்மாவிடம் போய் நின்றார். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "மேடம், பதினஞ்சு டேப்போட வாலை மட்டும் ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

"விளையாடுறீங்களா சார்? இன்னும் ஆயிரத்து சொச்சம் டேப் கிடக்கு. டிசம்பருக்குள்ள ஹெட் தாங்குமான்னே எனக்குப் பயமா இருக்கு. வாலுக்கெல்லாம் தேய்க்க முடியாது."

அவர் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில், "என் வீட்டுக்காரி ஒருவேளை அதுல இருக்கலாம்" என்றார். ஹெட்டம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். ஒரு நிமிடம் மெஷினைப் பார்த்தார். அப்புறம், "ஒரு நாளைக்கு ஒரு வால். சாப்பாட்டு நேரத்துல. அதுக்கு மேல கேக்கக் கூடாது" என்றார்.

ஆக, ஒரு நாளைக்கு ஒரு வால். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் சலவைக்காரர் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதல் நாள், யாரோ ஒருவர் அடுப்பைப் பற்ற வைக்க நாலு தீக்குச்சி வீணாக்கினார். இரண்டாம் நாள் வெறும் வண்ணப் பட்டைகள். ஒரு நாள் செய்தி வாசிப்பவர் தண்ணீர் குடித்துப் புரையேறி இருமினார். அவரும் இப்போது உயிரோடு இல்லை. ஒரு நாள் மழை மாதிரி புள்ளிகள், அவ்வளவுதான். தினமும் சோறு ஆறியது. மகளோடு போனில் பேசும்போதெல்லாம் நாக்கு நுனி வரை வரும், முழுங்கிக்கொள்வார். கிடைக்காவிட்டால் எதற்கு ஆசை காட்ட வேண்டும்? கிடைத்துவிட்டாலோ, பதிவே பண்ணவில்லை என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிடைக்க வேண்டும் என்று தவித்த அதே நெஞ்சு, கிடைத்துவிடுமோ என்றும் அடித்துக்கொண்டது. ஒரு நாள் மகளே, "என்னப்பா, குரலே சரியில்ல, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள். "பெட்டி வாங்கணுமேன்னு யோசனை" என்று சமாளித்தார்.

பதினாலாவது நாள் வந்தது ஒரு பல் டாக்டரின் பேச்சு. 'பல்லைப் பேணுவோம்', இருபத்திரண்டு நிமிடம். யார் கண்ணுக்கு அது பொக்கிஷமாகத் தெரிந்ததோ, நிரந்தரம் என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். ஹெட்டம்மா டேப்பை நேராகக் கடைசிக்கு ஓட்டினார். டாக்டர் கைகூப்பினார். திரை குலுங்கியது.

அவள் உட்கார்ந்திருந்தாள்.

மேஜை முன்னால் இழுத்துப் போட்டிருந்தது. காதோரம் வழக்கம் போல அடங்காத ஒரு முடி. "நேயர்களே" என்று ஆரம்பித்தாள். சலவைக்காரர் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். மகள்தான் வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அத்தனை நாள் அவர் தொண்டையை இறுக்கிப் பேசிக் காட்டியது யாருடைய குரலோ! இவளுடைய குரல் மகள் வாயால் வாரம் தவறாமல் போனில் அவரிடம் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளை அறிவித்தாள். அப்புறம் நிறைவு அறிவிப்பு: "இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன. விடைபெறுகிறோம், வணக்கம்." சிரித்தபடி அசையாமல் இருந்தாள். கேமராவை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து முதுகைச் சாய்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த கேமராக்காரரிடம் பேசினாள்.

"அண்ணே, இந்த டேப்பை மட்டும் வெளுக்க வேணாம்னு நம்ம சலவைக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்களேன். இது பொறந்து வளந்ததும் காட்டணும். நான் சொன்னா கேக்க மாட்டார்."

யாரோ சிரிக்கும் சத்தம். அதோடு பதிவு முடிந்தது. மொத்தம் நாலு நிமிடம், பதினொரு விநாடி.

கேமராக்காரர் சொல்லவே இல்லையா, சொல்லியும் இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அந்த டேப் பிழைத்தது அவர் புண்ணியத்தில் இல்லை. காயில் எரிந்ததால் பிழைத்தது. மெஷின் நன்றாக இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமையும் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பார். சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெட்டம்மா மெஷினுக்குப் பின்னால் எதையோ சரிபார்ப்பது போல வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"காப்பி எடுத்துட்டேன் சார்" என்றார் பிறகு. கொஞ்சம் தயங்கினார். "பொண்ணுக்குக் குடுக்கறதுக்குத்தானே? அந்தக் கடைசிப் பேச்சை வேணும்னா வெட்டிடறேன். அறிவிப்பு மட்டும் இருந்தா போதும்ல?"

முப்பத்துமூன்று வருடம் அழித்த மனிதரிடம் கேட்கிற கேள்வி அது. "வேணாம் மேடம்" என்றார். "ஒரு விநாடி கூட எடுக்க வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் வந்தாள். கையில் டிஜிட்டல் பெட்டி. "டி.வி. ஆபீஸ்ல வேலை பாத்துட்டு நீங்களே இன்னும் வாங்கலைன்னா ஊர் சிரிக்கும்" என்று திட்டிக்கொண்டே இணைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பென்டிரைவை எடுத்து நீட்டினார். இதையும் அதில் போட முடியுமா என்று கேட்டார். என்ன ஏது என்று சொல்லவில்லை.

படம் ஓடியது. மகள் நின்றுகொண்டே பார்த்தாள். முதல் "நேயர்களே"வுக்கு அவள் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. கடைசிப் பேச்சு முடியும் வரை அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிவே பண்ண மாட்டாங்கன்னு சொன்னீங்களேப்பா."

"சொன்னேன்."

"நீங்கதான் அழிச்சீங்களா?"

"வாராவாரம்."

அவள் ரிமோட்டை எடுத்து முதலிலிருந்து போட்டாள். முடிந்ததும் மறுபடியும் போட்டாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை மூடக் கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் முறை, வயிற்றில் கை வைத்துக்கொண்டு திரையில் அவள் அம்மா, "நான் சொன்னா கேக்க மாட்டார்" என்று சொல்லி முடித்ததும், மகள் அவர் பக்கத்தில் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அப்பாவிடம் பேசவில்லை. திரையைப் பார்த்து, அதே கனத்த குரலில் பதில் சொன்னாள்.

"கேட்டுட்டாரும்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."