போன்களைச் சாக்கில் கட்டிய ஜெயபாரதி

வீரபாண்டியில் ஜெயபாரதியைத் தெரியாதவர்கள் கொஞ்சம் பேர். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்ற காலத்தில், ஓட்டை விழுந்த ஒரு பீஸைக்கூட அவள் நல்ல பீஸோடு சேர்த்ததில்லை. ஷிப்மென்ட் அவசரம் என்று மேனேஜர் கெஞ்சுவார். "லாரி நிக்குதுங்கறதுக்காக ஓட்டை தானா அடைஞ்சுக்குங்களா?" என்று கேட்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள். கொங்கு மரியாதைக்குள் எவ்வளவு கோபத்தை அடைக்க முடியும் என்பதை அவளிடம்தான் பார்க்க வேண்டும்.

புருஷன் இறந்த பிறகு, அண்ணன் முருகேஷ் தன் கம்பெனிக்கு வரச் சொன்னார். அவள் போகவில்லை. சொந்தமாக நைட்டி தைத்து விற்கப் போவதாகச் சொன்னாள். அதுவும் பாக்கெட் வைத்த நைட்டி. வீட்டு வேலை செய்கிற பெண்கள் போனை இடுப்பில் செருகித் தண்ணீர்த் தொட்டிக்குள் விடுகிற கொடுமையை இத்தனை வருஷமாக எந்த முதலாளியும் யோசிக்கவில்லையே என்பது அவள் ஆத்திரம். முருகேஷ் இரண்டு பழைய தையல் மெஷினைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"ஆயுத பூஜைக்குள்ள யாவாரம் நிக்கலீன்னா மெஷினை எடுத்துக்குவேன். நம்ம கம்பெனியில செக்கிங் மேசை காலியாத்தான் இருக்குது. வந்துரு கண்ணு."

பாசமாகத்தான் சொன்னார். பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அந்தப் பாசம்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. விழுந்தால் பிடிக்க ஆள் இருப்பது நல்லதுதான். எப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டே ஒருவர் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

போனில் விளம்பரம் போட்டால் ஊரெல்லாம் விற்கலாம் என்றார்கள். கோயம்புத்தூரில் விளம்பர ஏஜென்சி வைத்திருந்த அருள்குமாரிடம் வேலையைக் கொடுத்தாள். யாராவது விளம்பரத்தைத் தொட்டால் அவள் கடைப் பக்கம் திறக்கும். ஒவ்வொரு தொடுதலுக்கும் அவள் கட்டிய பணத்தில் கொஞ்சம் கழியும். அருள்குமாரின் கூலியும் கிளிக் கணக்குதான்.

இங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். கடை திறந்தால் முதல் வியாபாரம் கைராசிக்காரர் கையால் நடக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெயபாரதி பேசிப் போட்டாள்: "காலையில எந்திரிச்சதும் ஆளுக்கொருக்கா என்ற விளம்பரத்தை அமுக்கி உடுங்க. உங்க கையால போணி ஆகட்டும்." சொந்தம் சும்மா இருக்குமா? தேடிப் பிடித்து அமுக்கியது. கைராசிக்குப் பேர்போன கண்ணம்மாள் அத்தை, குளித்துத் திருநீறு பூசி, முருகனை நினைத்துக்கொண்டு விடாமல் அமுக்கினாள். ஒவ்வொரு அமுக்கலும் ஜெயபாரதியின் மடியில்தான் கை வைக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஜெயபாரதிக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

கிளிக் கொட்டியது. அன்றன்றைக்குக் கட்டிய பணம் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்தது. ஆனால் ஒரு ஆர்டர் வரவில்லை. சைஸ் என்ன என்று கேட்கக்கூட ஒரு ஜீவன் வரவில்லை. நைட்டி வாங்குகிற எந்தப் பெண் சைஸ் கேட்காமல் போவாள்?

"பாக்கெட்தான் மேடம் பிரச்சினை. அதை எடுத்துடுங்க" என்றான் அருள்குமார். இது பொய்க் கிளிக் என்று அவள் சண்டைக்கு நின்றபோது, பேச்சுவாக்கில் போணி விஷயமும் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான், அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் என்ன மேடம், உங்க சொந்தக்காரங்களே அமுக்கித் தீர்த்துட்டாங்க. நான் என்ன பண்ண?"

அவளுக்கு முகம் செத்துப்போனது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். இங்கே செத்துக்கொண்டிருந்தது. உடனே எல்லோரையும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். கிளிக் மட்டும் நிற்கவில்லை. அத்தை அமுக்குகிறாள் என்றான் அருள்குமார். இல்லை என்று சத்தியம் செய்ய ஜெயபாரதிக்குத் தைரியம் வரவில்லை. அத்தையைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

ஆவணியில் காங்கேயம் பக்கத்தில் குலதெய்வக் கோயில் பொங்கல். மொத்தச் சொந்தமும் ஓரிடத்தில் கூடும் நாள். ஜெயபாரதி, வெட்டி மிஞ்சிய துணியை, கட்டிங் வேஸ்ட்டை, போடும் பெரிய சாக்கு ஒன்றோடு போய் இறங்கினாள்.

"எல்லாரும் போனை அணைச்சு இதுல போடுங்க. சாமி கும்புட்டு முடியற வரைக்கும் யாருக்கும் போன் இல்லீங்க."

கண்ணம்மாள் அத்தைக்கு ரோஷம் வந்தது. "என்ற போனு உன்ற ஊட்டுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? நல்லதுக்குத்தானே அமுக்கினேன்."

"நல்லதுக்குத்தானுங்க அத்தை. இன்னைக்கு ஒரு நாள் உங்க கைராசிக்கு லீவு உடுங்க."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனைப் போட்டாள். முருகேஷும் தலையில் அடித்துக்கொண்டு போட்டார். சாக்கின் வாயைக் கட்டி அதன் பக்கத்திலேயே ஜெயபாரதி உட்கார்ந்துகொண்டாள். திறந்திருந்தது அவள் போன் ஒன்றுதான். அடுப்பில் பால் பொங்கியது. அவள் போனில் கிளிக்கும் பொங்கியது. நூறு, இருநூறு என்று நிற்காமல் ஏறியது. சாக்கு அசையாமல் கிடந்தது.

அவள் சிரித்துவிட்டாள். பல நாளாக அடைத்து வைத்த சிரிப்பு அது. அத்தையையும் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் முன்னாலேயே ஸ்பீக்கரைப் போட்டு அருள்குமாரை அழைத்தாள்.

"சார், என்ற சொந்தம் பூரா கோயில்ல இருக்குதுங்க. போனெல்லாம் சாக்குல கட்டிக் கெடக்குது. இப்ப அமுக்கறது யாருங்க?"

அவன் சுற்றி வளைத்தான். அவள் விடவில்லை. கடைசியில் வந்தது உண்மை. குழந்தைகள் விளையாடும் கேம், டார்ச் லைட் என்று கண்ட ஆப்பிலெல்லாம் அவள் விளம்பரத்தைப் போட்டிருந்தான். அங்கே பல ஆப்பில் மனுஷனே தொடுவதில்லை. ஏதோ ஒரு மெஷின் தானாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். கிளிக் மலிவு, எண்ணிக்கை அதிகம், அவன் கூலியும் அதிகம். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"இது எல்லாருக்கும் நடக்கறதுதான் மேடம்."

"பீஸ் ரேட்டுக்குத் தைக்கறவங்க, செக்கிங்குல தள்ளுன பீஸுக்குக் கூலி கேக்கறதில்லீங்க. நீங்க கேக்கறீங்க. நான் தர மாட்டேனுங்க."

"அப்ப விளம்பரத்தை மூடிடுவேன்."

"மூடிட்டுப் போங்க."

அத்தை கரண்டியைக் கையில் எடுத்தாள். பொங்கல் பரிமாறும்போது ஜெயபாரதியின் இலையில் இரண்டு கரண்டி கூடவே விழுந்தது.

ஜெயபாரதி தானே கணக்குத் திறந்தாள். ஆழம் தெரியாமல்தான் காலை விட்டாள். முதல் வாரம் தப்பான பொத்தானை அமுக்கி விளம்பரத்தை இந்திக்காரர்களுக்குக் காட்டினாள். விடவில்லை. கேம் ஆப்புகளைத் தேடித் தேடி அடைத்தாள். நைட்டி என்று தேடுகிறவர்களுக்கு மட்டும், தமிழ்நாட்டுக்குள் மட்டும் காட்டச் சொன்னாள். ஒரே இடத்திலிருந்து சரமாரியாகக் கிளிக் வந்தால் அந்த வழியை மூடினாள். எண்ணிக்கை தரை தட்டியது.

முருகேஷ் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். "கிளிக்கே காணமே கண்ணு."

"பொடைச்ச பொறகு மொறத்துல நிக்கறதுதானுங்ணா அரிசி."

நின்றது. கும்பகோணத்திலிருந்து ஒருத்தி டபுள் எக்ஸெல் இருக்கா என்று கேட்டாள். தேனியிலிருந்து ஒருத்தி, இடதுகைக்காரி, பாக்கெட்டை இடப்பக்கம் வைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியைப் படித்தபோது ஜெயபாரதிக்குக் கண் கலங்கியது. இது மெஷின் கேட்கிற கேள்வியா? வைத்துக் கொடுத்தாள். அந்தத் தேனிக்காரி தன் அக்கா தங்கைகளுக்கெல்லாம் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் முருகேஷ் டெம்போவோடு வந்தார். மெஷின் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஜெயபாரதி, இன்னொன்றில் கூலிக்கு அமர்த்திய பெண். வாசல்வரை பார்சல். செருப்பைக் கழற்றிவிட முருகேஷ் இடம் தேடினார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "டெம்போ காலியாப் போக வேண்டாமுங்ணா. அந்தப் பார்சலையெல்லாம் கூரியர் ஆபீஸ்ல போட்டுருங்க. மேல இருக்கறது மட்டும் கண்ணம்மா அத்தையோடது. ஒருக்காத்தான் அமுக்குனாங்களாம். முழு வெலை குடுத்து வாங்கிருக்காங்க."

முருகேஷ் வேட்டியை மடித்துக் கட்டி முதல் மூட்டையைத் தூக்கினார். கோயிலில் போன்களைக் கட்டிய அதே கட்டிங் வேஸ்ட் சாக்குதான். வாசலைத் தாண்டும்போது அவள் குரல் வந்தது, மரியாதை குறையாமல்.

"ஏனுங்ணா, நம்மூட்டுலயும் செக்கிங் மேசை காலியாத்தான் இருக்குது. வாரதுன்னா வாங்க."