கடைசி சீட்டில் நின்ற மூச்சு

டிப்போவில் அவருக்கு 'லாரி' என்று பெயர். ஓட்டுவது பேருந்து, குறட்டைதான் லாரி. மதிய இடைவேளையில் ஓய்வறையில் அவர் கண்ணை மூடினால் மற்ற டிரைவர்கள் செருப்பைத் தேடுவார்கள், வெளியே ஓட. "லாரி, வண்டிய வெளிய நிறுத்துப்பா!" என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து அவர் தன் பேருந்தின் கடைசி சீட்டில், ஜன்னல்களையெல்லாம் அடைத்துக்கொண்டு படுத்தார்.

வீட்டிலும் அதே கதிதான். மனைவி மகளின் அறைக்குப் போய் ஆறு வருடம். "உங்களுக்கென்ன, கொடுத்து வச்ச தூக்கம்" என்பாள். குறட்டை விடுகிறவன் சுகமாகத் தூங்குகிறான் என்பது யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை. விடிந்தால் தலை இடிக்கும், வாய் வறண்டிருக்கும், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும். யாரிடம் சொல்வது?

ஒருநாள் காலை, சிக்னலில் நிற்கும்போதே கண் செருகியது. பேருந்து நகர்ந்து முன்னால் நின்ற காரின் விளக்கை உடைத்தது. போலீசார் ஊதச் சொன்னார்கள், குடித்திருக்கவில்லை. டிப்போவில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அன்று மதியம் வண்டி பெருக்கும் பெண் அவரை உலுக்கி எழுப்பினாள்.

"அண்ணே! குறட்டை திடீர்னு நின்னுபோச்சு. நெஞ்சு எக்குது, மூச்சு வரல. இருபது வரைக்கும் எண்ணிட்டேன்!"

"லாரி மேடு ஏறுது, விடும்மா."

"சிரிக்காதீங்க. செத்துட்டீங்கன்னு துடப்பத்தக் கீழ போட்டுட்டேன்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு கருவிகள் மாட்டிப் பார்த்தார்கள். "தூங்கும்போது தொண்டை தொய்ஞ்சு மூச்சுக்குழாய அடைக்குது" என்றார் டாக்டர். "மணிக்கு முப்பது தடவை முழிக்கிறீங்க, உங்களுக்கே தெரியாம. மூச்சு விட மெஷின் இருக்கு. அது பழகற வரைக்கும் ஸ்டியரிங் தொடாதீங்க."

விசாரணையில் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "கவனக்குறைவுன்னு எழுதிக் கொடு. எச்சரிக்கையோட விட்டுடறேன், நாளைக்கே வண்டி எடுக்கலாம். நோய்னு எழுதினா வண்டி கிடையாது."

நோயாளி தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகலாம். உண்மை சொன்னால் தண்டனை. இதற்குப் பெயர் சட்டம்!

"இருபத்திரண்டு வருஷமா கவனமாத்தான் ஓட்டினேன் சார். இது நோய். அதைத்தான் எழுதுவேன்."

எழுதினார். மறுநாள் அவருக்கு டிப்போ வாசலில் வேலை. தன் பேருந்தை வேறொருவர் ஓட்டிவர, கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். யாரும் கையசைக்கவில்லை.