பாகுத் துணியைப் பிழியக் கூடாது

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும், வாய் பிறகுதான் வரும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. சொந்தக்காரர்களும் "கோபம் இருக்கிற இடத்திலைதான் குணம் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். நொர்வேயில், ரொம்சோஸ் குடியிருப்பில் இருக்கும் என் குசினியில் கைப்பிடி போன அலுமாரிக் கதவுகள் இரண்டு, நடுவில் பிளந்த பலகை ஒன்று, விளிம்பு நசுங்கிய சட்டிகள் எத்தனையோ. சாமான்களைத்தான் உடைப்பேன், மனிதரைத் தொட மாட்டேன் என்று அந்த நாட்களில் பெருமை வேறு பேசிக்கொள்வேன்.

தங்கை இரண்டு பைகளோடு என் வாசலில் வந்து நின்றது ஒரு பனிக்காலத்தில். வேறு ஊரில் புருஷனோடு ஏழு வருடம் இருந்தவள். கழுத்துத் துணியை அவிழ்க்க மாட்டேன் என்றாள். நான்தான் இழுத்து அவிழ்த்தேன். நாலு விரலின் தடம் ஒரு பக்கம், பெருவிரலின் தடம் மறுபக்கம், கறுத்துப் போயிருந்தன. அடுத்த நிமிடம் கறிக்கத்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டேன். அவள் கதவில் முதுகை வைத்து மறித்தபடி, "அக்கா, போகாதேங்கோ, போகாதேங்கோ" என்று கத்தினாள். கத்தியைச் சுவரில் எறிந்தேன். பிறகு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இனி உன்னிலை ஒருத்தற்றை கையும் படாது. இது உன்ரை வீடு." மனதாரத்தான் சொன்னேன்.

அவள் மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பாள். அவளை வெளியே கொண்டு வந்தது மரங்கள்தான். நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்த நொர்வேஜியப் பெண்ணின் வீட்டு வளவில் ஆறு பெரிய மேப்பிள் மரங்கள் நின்றன. இரவில் உறைந்து பகலில் உருகுகிற மார்ச் மாதத்தில் அவற்றைத் துளைத்தால் இனிப்பு நீர் வடியும், காய்ச்சினால் பாகு, எனக்கு முதுகு ஏலாது, வேண்டுமானால் நீங்கள் எடுங்கள் என்றாள். அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை எனக்கு முன்னால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

துளைப்பானை அவள்தான் பிடித்தாள். உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு துளைத்தாள். மரத்தூள் முகமெல்லாம் பறந்தது. அப்படி அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஆறாவது மரத்திலிருந்து நீர் வாளியில் சொட்டியபோது சிரித்தாள்.

முதல் வருடம் பாகு கலங்கிப் போனது. மர நீர் வற்ற வற்ற அதிலிருந்து நுண்ணிய மண் போல ஒன்று பிரியும். அதை வடித்து எடுக்காவிட்டால் நாக்கில் நெறுநெறுக்கும். நாங்கள் பழைய வேட்டியை நாலாக மடித்து, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழிந்தோம். துணியில் எது பட்டாலும் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. நகர நடுவில், குறொன்லாண்ட் என்ற பகுதியில், ஒரு கோப்பிக் கடைக்காரர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு. ருசி நல்லது, தெளிவாகக் கொண்டு வாருங்கள், என் கடைத் தட்டில் விற்பனைக்கு வைக்கிறேன் என்றார்.

அந்த ஒரு வருடம் தங்கை படித்த படிப்பு! தடித்த கம்பளியில் தைத்த கூம்புப் பை ஒன்றும், அதற்குள் போடும் மெல்லிய உறைகள் ஐந்தும் வரவழைத்தாள். பையை முதலில் கொதிநீரில் நனைக்க வேண்டும். பாகைக் கொதி ஆறுமுன் ஊற்ற வேண்டும். அடைத்துக்கொண்டால் மேல் உறையைத் தூக்கி எடுத்துவிட்டு அடுத்ததில் விட வேண்டும். எது செய்தாலும் பிழியக் கூடாது. பிழிந்தால் பையில் தங்கிய மண்ணெல்லாம் வடிந்த பாகுக்குள் இறங்கிவிடும். கடைசி விதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். "இது சரிவந்தால் என்ரை பேரிலை செய்யலாம் அக்கா. என்ரை கையிலை ஒரு தொழில் இருக்கும்" என்றாள்.

இரண்டாம் வருடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு நாள் வளவில் விறகு மூட்டிக் காய்ச்சியிருந்தோம். கண்ணில் புகை, தோளில் வாளி தூக்கிய நோவு. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் பதம் பார்த்தபோது அது மூர்க்கமாகப் பொங்கியது. அடுப்பெல்லாம் வழிந்து கருகி, தீ அலாரம் கத்தியது. நான் ஏறி அதைப் பிய்த்து எடுத்து நிலத்தில் அடித்தேன். தங்கை துண்டுகளைக் கூட்டினாள்.

ஸ்டூலைக் கவிழ்த்து, நாலு காலுக்கும் நடுவில் கூம்புப் பையைக் கட்டி, கீழே சட்டி வைத்திருந்தாள். ஊற்றினோம். முதல் அரைச் சட்டி தேன் நிறத்தில், அடி தெரிகிற தெளிவில் இறங்கியது. அவள் என் தோளைப் பிடித்து, "பாருங்கோ, பாருங்கோ" என்றாள். பிறகு சொட்டு நின்றது.

"மேல் உறை அடைச்சிட்டுது. அதை எடுப்பம். மிச்சத்தைத் திருப்பிச் சூடாக்கி விடுவம்," என்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரமடி நிக்கிறது?"

"பத்து நிமிசம் அக்கா."

பத்து நிமிடம். இரண்டு நாள் பொறுத்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் நான் வடிகட்டின முட்டாள். என் இரண்டு கையும் போய்ப் பையைப் பிடித்தன. தேங்காயில் முதற்பால் பிழிகிற அதே பிடி. சூடு உள்ளங்கையைச் சுட்டது, விடவில்லை. நெரித்தேன். பழுப்பாக ஒரு திரள் கீழே இறங்கியது. தேன் நிறம் முழுவதும் ஒரே நொடியில் சேறாகியது.

"பிழியாதேங்கோ!" என்று அவள் கத்தினாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிழை என்னுடையது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த கோபம் இருக்கிறதே, அதைவிடக் கேடு கெட்ட கோபம் உலகத்தில் இல்லை. பையைக் கட்டோடு பிய்த்தேன். பாகு நிறைந்த, கனமான, ஆவி பறக்கும் கம்பளி. அதால் அவளை ஓங்கி அடித்தேன்.

அவள் ஓடவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. என் கை உயர்ந்தபோதே கண்ணை இறுக்கி மூடி, நாடியை நெஞ்சில் பதித்து, இடது முழங்கையைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டாள். எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. எந்த இடத்தைக் கொடுத்தால் குறைவாக நோகும் என்று தெரிந்தவள் அவள். அடி முன்கையிலும் கழுத்திலும் விழுந்தது.

சுடுதண்ணீர் என்றால் வழிந்து போகும். பாகு போகாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கையைக் குழாயின் கீழே பிடித்து, கழுத்துக்கு ஈரத் துணி போட்டேன். தோல் பாகோடு சேர்ந்து சுருண்டு வந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நான் உங்கடை கையைப் பிடிச்சிருக்கக் கூடாது."

அவசர மருத்துவ நிலையத்தில் தாதி காயத்தைப் பார்த்தாள். கழுத்தில் இருந்ததை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு என்னை வெளியே நிற்கச் சொன்னாள். எல்லோரிடமும் தனியாகத்தான் கேட்போம் என்றாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. யார் செய்தது, வீட்டில் உனக்குப் பயமில்லையா என்று கேட்டது எனக்குக் கேட்டது. தங்கை தனக்குத் தெரிந்த கொஞ்ச நொர்வேஜியத்தில் நிதானமாகப் பதில் சொன்னாள். நானே செய்தேன். நான் கவனமில்லாதவள். அக்கா நல்லவள்.

ஒரு சொல்லும் தடுமாறவில்லை. ஏழு வருடம் அவள் இதே கேள்விக்கு இதே மாதிரித்தான் பதில் சொல்லியிருப்பாள் என்று அப்போது விளங்கியது. ஆளின் பேர் மட்டும் மாறியிருக்கிறது. கத்தி எடுத்துக்கொண்டு நான் தேடிப் போக நினைத்தவனும் நானும் இப்போது ஒரே வரிசையில் நிற்கிறோம்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "பொய். நான்தான் அடித்தேன்," என்று தாதியிடம் சொன்னேன்.

தங்கை கட்டிலிலிருந்து எழுந்தாள். "வாயை மூடுங்கோ!" என்றாள். என்னை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு தமிழில் மளமளவென்று சொன்னாள்: "நீங்கள் சொன்னால் எழுதுவினம். எழுதினால் என்னை உங்களோடை விடமாட்டினம். நான் எங்கை போறது? எனக்கு வேறை வீடு இல்லை அக்கா."

தாதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உன் தங்கை என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டாள்.

போவதற்கு வேறு வீடு இல்லாததால்தான் பொய் சொல்கிறாள் என்று சொன்னேன். அவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள், என்னோடு திருப்பி அனுப்பாதீர்கள் என்றும் சொன்னேன்.