சேமக்காலை விளக்குமாறு

என் மேசையில் ஒரு பெட்டி இருக்கிறது. நாலு விரல் ஆழமான மரச்சட்டம், முன்பக்கம் கண்ணாடி. இதை ஷாடோ பொக்ஸ் என்பார்கள். உள்ளே ஒரு பேய் வீடு, ஒரு பட்ட மரம், சில கல்லறைகள், கம்பியில் வளைத்த ஒரு சின்ன வாசல் கேற். பேய் வேடம் போடும் நாளான ஹலோவீனுக்காக நான் செய்தது. கேற்றின் ஓரத்தில் இரண்டு சொட்டுப் பசை காய்ந்துபோய்க் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு விளக்குமாறு சாத்தி வைத்திருந்தது. என் சின்னிவிரலிலும் சிறியது. ஈர்க்கை நுணுக்கமாகக் கிழித்து, சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டி, என் கணவரின் தாயார் செய்தது. இந்த ஒக்ரோபரில் பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கியதிலிருந்து, இவ்வளவு பாடுபட்டு நான் செய்த வீட்டையும் பேயையும் விட்டுவிட்டு, என் கண் அந்தப் பசையைத்தான் தேடிப் போகிறது.

மாமி மன்னார்ப் பக்கத்தவர். மாமாவும் அவவும் இங்கே பக்கத்து நகரமான ஒஷாவாவில் நெடுங்காலம் இருந்தார்கள். மாமா அங்கே கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே காலமாகி, அங்கேயே அடக்கமானார். அதன்பிறகு மாமி வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு வந்துவிட்டா. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். எங்கள் கலியாணம் சைவக் கோயிலில் நடந்தது. மாமி அதற்கு வந்தா, சாப்பிட்டா, ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. என்னோடு கதைக்கவுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். நான் பக்கத்தில் நிற்கும்போதே மகனைப் பார்த்து, “தம்பி, அவவுக்கு ரீ வேணுமோ எண்டு கேள்” என்பா. என் கணவர் என்னைப் பார்ப்பார். நான் ஓம் என்பேன். அவர் தாயைப் பார்த்து ஓமாம் என்பார். மனிதன் தன் சொந்த வீட்டுக்குள் தபால்காரன் வேலை பார்த்தார். இதில் கோபிக்க ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கோபம். ரீ நல்ல ரீயாகத்தான் வரும். சீனி அளவாக இருக்கும். ஆனால் என் முகத்தைப் பார்த்து, பிள்ளை என்று கூப்பிட்டு, ஒரு சொல்லுக் கதைக்கமாட்டாவா என்று இருந்தது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில் மதிய நேரம் ஒரு பாடசாலையில் பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் வேலை எனக்கு. மிச்ச நேரம் கைவேலை. லோரன்ஸ் வீதியில், எங்களுக்குக் கிட்ட உள்ள பிளாசாவில், கைவேலைச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. வெட்டிய தலைமயிரும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருக்கும் அதன் வெள்ளைக்கார முதலாளியம்மா ஒருநாள், ஹலோவீனுக்குக் கடை யன்னலில் வைக்க ஒரு பேய்ப் பெட்டி செய்து தா, அதைப் பார்த்து ஆட்கள் சேர்ந்தால் சனிக்கிழமை வகுப்பை நீயே நடத்து என்றா. அன்றைக்கே தொடங்கிவிட்டேன். மட்டையை வெட்டி, கறுப்படித்து, முன்னும் பின்னுமாக ஒட்டி வீட்டை எழுப்பினேன். ஃபோம் பலகையைக் கத்தியால் கீறி, மெல்லிய ரிசு பேப்பர் ஒட்டி, சாம்பல் நிறம் தடவினால் அசல் கல்லறைக் கல். கடதாசிக்குப் பழைய நிறம் வரத் தேயிலைச் சாயம். பழைய யன்னல் சீலையைப் பசைத் தண்ணீரில் தோய்த்துக் காயவிட்டால் பேய். குடித்து மிஞ்சிய கோப்பித் தூளைப் பசையில் குழைத்தால் ஈரச் சேறு. பஞ்சை இழுத்து இழுத்துச் சிலந்திவலை. நிலவுக்குப் பின்னால் பற்றரியில் எரியும் ஒரு குட்டி பல்ப். கல்லறைகளைச் சரித்துச் சரித்து நட்டேன், ஒன்றைப் பாதி புதைத்தேன். கண்ணாடியைக் கடைசியில் போடலாம் என்று பெட்டியைத் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சிலந்திவலையைக் காணவில்லை. காற்று அள்ளியிருக்கும் என்று நினைத்தேன். யன்னல் பூட்டிய வீட்டுக்குள் என்ன காற்று என்று பிறகுதான் யோசித்தேன். மறுபடி பஞ்சு இழுத்து ஒட்டினேன். அடுத்த நாள் பஞ்சும் இல்லை, கல்லறைகளெல்லாம் நிமிர்ந்து நேர்கோட்டில் நின்றன. நான் சரித்தேன். மறுநாள் நிமிர்ந்தன. பிறகு கோப்பித் தூள் சுரண்டி எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் வெள்ளை மணல் சீராகப் பரவியிருந்தது. நான் வாங்கி வைத்திருந்த மணல்தான், வேறொரு வேலைக்காக. அதற்கடுத்த நாள் ஒவ்வொரு கல்லறையின் காலடியிலும் செம்மஞ்சள் நூலில் சுருட்டிய ஒரு பூ. கல்லறைகள் சும்மா பளிச்சென்று, நல்ல இடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நின்றன. பேய் மட்டும் ஒரு மூலையில் கொழுவியபடி, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“இஞ்சாருங்கோ, உங்கட அம்மா என்ர சுடலையைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்கிறா” என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். “அம்மா ஓரிடத்தையும் கூட்டாமல் விடமாட்டா. நீ ஒருக்காக் கதைச்சுப் பாரன்.”

“அவ என்னோடை கதைக்கிறவவே?”

தபால்காரனுக்கு அந்த வாரம் முழுக்க வெளி வேலையிலும் இரட்டை நேரம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள் பாடசாலையில் தண்ணீர்க் குழாய் உடைந்து பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் வந்துவிட்டேன். கதவைத் திறந்தால், மாமி யன்னல் பக்கமாகக் கதிரையைப் போட்டு இருக்கிறா. மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் என்னுடைய சாமணம். சாமண நுனியில் அந்த விளக்குமாறு. பல்கனியில் வைத்திருக்கும் பெரிய விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவியிருக்கிறா. என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. நிமிர்ந்து பார்த்து, “கேற்றடியிலை சாத்தட்டே?” என்று கேட்டா.

கலியாணம் முடிந்த நாளிலிருந்து நான் காத்திருந்த பேச்சு அது. இருந்த கோபத்தில் நான் அதைக் கவனிக்கவேயில்லை.

“மாமி, இது பேய் வீடு. சனம் பாத்துப் பயப்பிடவேணும். நீங்கள் இப்பிடித் துப்புரவாக்கினால் ஆர் பயப்பிடுவினம்?”

“பேய் எண்டால் ஆர்? செத்த சனம்தானே.”

“ஓம். அதுக்கு?”

“செத்த சனத்துக்கு என்னத்துக்குப் பயப்பிடுறது? உப்பிடிச் சேறும் வலையுமாய்ப் போட்டு வைச்சால் அதுகளெல்லே பயப்பிடும், தங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு.” சாமணத்தைக் கீழே வைத்தா. “ஆற்றை சேமக்காலை உது?”

கல்லறைத் தோட்டத்தை அவர்கள் சேமக்காலை என்பார்கள். ஒருவருடையதும் இல்லை, சும்மா செய்தது என்றேன்.

“ஒருத்தற்றையும் இல்லாத சேமக்காலை எங்கை இருக்கு” என்றா மாமி.

பிறகு தானாகவே சொன்னா. நவம்பரில், ஹலோவீன் முடிந்த கையோடு, ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. ஊரில் அதற்கு முன்னரே குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போவார்களாம். புல்லுப் பிடுங்கி, சரிந்த சிலுவையை நிமிர்த்தி, கல்லறைக்கு வெள்ளை அடித்து, கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து பரப்பி, பூவும் மெழுகுதிரியும் வைப்பார்களாம். பிள்ளைகள் அங்கேயே ஓடி விளையாடி, அங்கேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவ என்னைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா. “மாமா ஒஷாவாவிலை தனியக் கிடக்கிறார். தம்பிக்கு லீவு இல்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. உமக்கு உதெல்லாம் விளங்காது, உங்கட ஆக்கள் எரிக்கிறவை.”

அதை அவ குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது, வேறு இடத்தில். என் அப்பாவை யாழ்ப்பாணத்தில் எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்கள். எனக்குப் போகக் கிடைக்கவில்லை. திவசத்துக்கு மரக்கறி சமைத்து, காகத்துக்குப் பதிலாகப் பல்கனியில் புறாவுக்கு வைப்பேன். அதோடு சரி. போய் நின்று கூட்டுவதற்கு எனக்கு ஓரிடமும் இல்லை. மாமிக்கு ஓரிடம் இருந்தும் போகமுடியவில்லை. அந்த மேசையடியில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. பேய்ப் பெட்டிக்காக அழுகிறேன் என்று மாமி நினைத்திருக்க வேண்டும். “சரி, சரி, கொஞ்ச வலையை விடுறன்” என்றா.

கடைசியில் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டோம். வீடும் பேயும் பட்ட மரமும் உள்ள இடப்பக்கம் எனக்கு. அங்கே வலை இருக்கலாம், சேறு இருக்கலாம், ஒரு கல்லறை சரிந்து நிற்கலாம். வலப்பக்கம் மாமிக்கு. நடுவில் கேற், கேற்றில் விளக்குமாறு. பசையை அவதான் வைத்தா, இரண்டு சொட்டு.

கடைக்குக் கொண்டுபோகும்போது எனக்குப் பயம்தான். இதைப் பார்த்துப் பயப்பட ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரியும். முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தா. பிறகு விரலால் கேற்றைக் காட்டினா. சூனியக்காரியின் விளக்குமாறு இங்கே நிற்கிறது, அப்படியென்றால் அவள் எங்கே, வீட்டுக்குள்ளேயா, எங்களுக்குப் பின்னாலேயா என்று கேட்டா. கேட்டுவிட்டுத் தன் கையைத் தானே தடவிக்கொண்டா, மயிர்க்கூச்செறிந்துவிட்டதாம். பெட்டி யன்னலில் ஏறியது. போகிற வருகிற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அமத்தி, சூனியக்காரியைத் தேடினார்கள். வகுப்புக்கு ஆட்களும் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு விளக்குமாறு என்றால் சூனியக்காரி ஏறிப் பறக்கிற வாகனம் என்று முதலில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விளங்கியதும் மாமி சிரிக்கத் தொடங்கினா. அவ சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை. சத்தமே வராமல், உடம்பெல்லாம் குலுங்க, கடைசியில் இருமல் வந்து தண்ணீர் குடிக்கும்வரை சிரித்தா. “அப்ப நான்தானே சூனியக்காரி” என்றா. மகன் வேலையால் வந்ததும் அதை அவருக்கும் சொன்னா. இந்தமுறை தபால்காரனுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆத்துமாக்கள் திருநாளன்று பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு மாமியை ஒஷாவாவுக்குக் கூட்டிப்போனேன். நெடுஞ்சாலையில் கார் ஓட எனக்கு அவ்வளவாகத் துணிவில்லை. லொறி ஒவ்வொன்றும் பக்கத்தால் இரைந்துகொண்டு போகும்போது மாமி செபமாலையை உருட்டினா, நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அவவின் மாதாவும் என் பிள்ளையாருமாகச் சேர்ந்து காரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பின் சீற்றில் பெரிய விளக்குமாறு. அங்கே போய்ப் பார்த்தால், அடக்கத்துக்குப் பிறகு வைத்த மாமாவின் கல் நிலத்தோடு நிலமாகப் படுத்திருக்கிறது. சுற்றிவர ஒரே அளவாக வெட்டிய புல். நிமிர்த்தச் சிலுவை இல்லை, பிடுங்கப் புல்லு இல்லை. மேப்பிள் சருகைக்கூட ஒரு வேலையாள் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு மெசினால் ஊதிக்கொண்டு வந்தான். மாமி விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றா. “இஞ்சை எனக்கு ஒரு வேலையும் இல்லை” என்றா. முகம் சின்னதாகிப் போயிற்று.

அந்த வேலையாள் விளக்குமாற்றைக் கண்டிருக்க வேண்டும். மெசினை நிற்பாட்டி, தலையை ஆட்டிவிட்டு, வேறு வரிசைக்குப் போய்விட்டான். மாமி குனிந்தா. அந்தக் கல்லைச் சுற்றியிருந்த சருகை, அவசரமில்லாமல், வீட்டு முற்றம் கூட்டுவதுபோல் கூட்டினா. கல்லைத் தண்ணீர் விட்டுத் துடைத்தா. பூ வைத்தா. மெழுகுதிரி காற்றுக்கு நிற்கவில்லை, நான் என் கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்ததும் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து, “பார் பிள்ளை, இப்பதான் மனிசர் இருக்கிற இடம் மாதிரிக் கிடக்கு” என்றா.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் போனோம். ஹலோவீனுக்கு வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு மாமிதான் சொக்கிலேற் கொடுப்பா. சூனியக்காரி நான்தான் என்று அவர்களுக்கு இங்கிலிசில் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தா. சீலையும் செபமாலையுமாக நிற்கும் சூனியக்காரியைப் பார்த்துப் பிள்ளைகள் முழுசுவார்கள்.

போன மாரிக்காலம் மாமி சுகமில்லாமல் படுத்து, நெடுநாள் இழுபடாமல் போய்விட்டா. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் மகன் அவவின் கையில் செபமாலையைச் சுற்றிவிட்டார். நான் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கத்தி நுனியால் நெம்பி எடுத்ததில் அடியில் கொஞ்சம் மணலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதைச் சீலை மடிப்புக்குள், அவவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

“உது என்னத்துக்கு?” என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

“அவவுக்கு அங்கையும் வேலை இருக்கும்” என்றேன்.

நேற்று சனிக்கிழமை, இந்த வருடத்தின் முதல் ஹலோவீன் வகுப்பு. மாதிரிக்கென்று பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன். புதிதாக வந்த ஒரு பெண் கேற்றடிப் பசையைக் காட்டி, இங்கே ஏதோ விழுந்துவிட்டது போலிருக்கிறதே என்றாள். முதலாளியம்மா முந்திக்கொண்டு, அங்கே சூனியக்காரியின் விளக்குமாறு நின்றது, ஏறிப் பறந்துவிட்டாள்போல என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “ஓம், அவ கொண்டு போயிட்டா” என்றேன், தமிழில்தான் வந்தது.

வகுப்பு முடிந்து ஆட்கள் போன பிறகு பெட்டியின் கண்ணாடியைக் கழற்றினேன். இடப்பக்கம், என்னுடைய பங்கில், நான் வேண்டுமென்று சரித்து நட்ட அந்தக் கல்லறை இன்னும் சரிந்தபடி நின்றது. வலையை எடுத்துவிட்டு, அதை நிமிர்த்தி வைத்தேன்.