பின்னால் யாரும் இல்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் நண்பனும் மலேசியாவின் பிறை நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். இருவருக்கும் வீடு கடல் தாண்டி, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் அடுக்குமாடியில். தொழிற்சாலைக் கைப்பந்து அணியில் அவன் அடித்தால் பந்து தரையைப் பிளக்கும். ஆனால் ஆள் குள்ளம். குதித்தே அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினான்.

பட்டர்வொர்த்தில் ஒரு போட்டி முடிந்ததும் எதிரணிக்காரர் ஒருவர் அவனுக்கு வழி சொன்னார். பெட்டி மேலிருந்து இறங்கி, பாதம் தரையைத் தொட்டதுமே, கொஞ்சமும் தாமதிக்காமல் மேலே எழும்ப வேண்டும். தாழ்வான பெட்டியில் தொடங்கு, நடுவில் ஓய்வு விடு என்றும் சொன்னார். அது இவன் காதில் ஏறவில்லை.

அடுக்குமாடிக்குப் பின்னால் சிமெண்டுத் தரை. பக்கத்துக் கார்ப் பட்டறையில் மரப்பெட்டிகள் கேட்டு வாங்கினோம். வேலை விட்டு ஃபெரியில் திரும்பியதும் தினமும் அங்கேதான் இருவரும் மாறி மாறிக் குதித்தோம். சில வாரங்களிலேயே அவன் மணிக்கட்டு வலைக்கு மேலே தெரிந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது. குதிகால் காலையில் இறுக்கிப் பிடிக்கிறது என்பான். ஆனாலும் இன்னொரு பெட்டியை மேலே அடுக்குவான்.

அன்று அவன் இறங்கியதும் ஒரு சத்தம் கேட்டது. பட்டறையில் ஏதோ டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். அவன் மேலே எழும்பவில்லை. முன்னால் குப்புற விழுந்து, திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"ஏன்டா பின்னால ஒதைச்ச?"

நான் அவனுக்கு எதிரே, சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் இங்கதானடா இருக்கேன். யாருமே ஒதைக்கலை."

"பொய் சொல்லாத லா! நல்லா விழுந்துச்சு ஒதை!"

அவனுக்குப் பின்னால் வெறும் சிமெண்டுத் தரைதான் இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தான். இடது பாதம் துணி மாதிரி தொங்கியது. பட்டறைக்காரர் ஓடி வந்து தன் காரைக் காட்டினார்.

"அசையாத தம்பி. என் காடில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மருத்துவமனையில் ஒரு தமிழ் டாக்டரம்மா அவனைக் குப்புறப் படுக்க வைத்தார். வலது கெண்டைக்கால் சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தானாக அசைந்தது. இடது சதையை அழுத்தினார். பாதம் அப்படியே கிடந்தது. திரும்பவும் அழுத்தினார். உயிருள்ள ஒருவனின் கால் அப்படிக் கிடப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் அறுந்துபோச்சு, தம்பி."

"இவன் ஒதைச்சதுலயா டாக்டர்?"

"யாரும் ஒதைக்கலை. இது அறுந்து வர்றவங்க முக்கால்வாசிப் பேரு, பின்னால யாரோ ஒதைச்சாங்கன்னுதான் சொல்லுவாங்க."

அவன் என்னைப் பார்த்தான். இருபது வயதைச் சற்றே தாண்டிய, இரும்பு மாதிரி இருந்த உடம்பு. ஒருவரும் தொடாமலே அறுந்துவிட்டது என்பதை எங்கள் இருவராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அறுவை செய்து தைத்தார்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டு. அதைப் பிரித்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். உள்ளேயிருந்து வெளியே வந்தது ஒரு சிறுபிள்ளையின் கால். அவன் சட்டென்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இழுத்து அதை மூடிக்கொண்டான்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அணிக்குத் திரும்பினான். அடிப்பதற்கு அல்ல, நின்ற இடத்திலிருந்தே மற்றவர்கள் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதற்கு. அதிலும் கெட்டிக்காரனாகத்தான் இருந்தான். நானோ அதன்பிறகு எந்தப் பெட்டி மீதும் ஏறவில்லை.